ஆறு தொட்டியும் ஒரு சமையலறைத் தராசும்

ஆனி முடிவதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று அடித்துப்பிடித்துக் குடிவந்த வீடு இது. சென்னையில் வேளச்சேரியை ஒட்டி, மூன்றாவது மாடி, வடக்குப் பார்த்த ஒரே ஒரு பால்கனி. 2023 ஜூலையில், ஆடி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, தெருவில் செடி வண்டி வந்தது. இதுவரை ஒரு துளசிகூட வளர்த்துப் பழகாதவள் நான். இறங்கிப் போய் ஆறு செடி வாங்கினேன். மணி பிளாண்ட் 50 ரூபாய், ஸ்னேக் பிளாண்ட் 180, இசட் இசட் 300, ஸ்பைடர் பிளாண்ட் 80, அக்லோனிமா 200, பீஸ் லில்லி 150. ஆக 960 ரூபாய்.

"இதெல்லாம் சாவவே சாவாதுக்கா. நீங்க ஊருக்குப் போய்ட்டு மறந்துட்டாலும் அப்டியே நிக்கும்" என்றார் வண்டிக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. நான்தான் மறக்கவே இல்லை.

செடிக்கு மேல் செலவு தொட்டிக்கு. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி ஹாலில் பார்க்க நன்றாக இல்லையென்று, வெள்ளைப் பீங்கான் தொட்டி ஆறு வாங்கினேன், ஒன்று 350 ரூபாய். அடியில் ஓட்டை கிடையாது. தரை நனையாது, நல்லதுதானே என்று நினைத்தேன். செடியைப் பிளாஸ்டிக் தொட்டியோடு அப்படியே அதற்குள் இறக்கி வைத்தேன். ஸ்னேக் பிளாண்ட் டிவி பக்கத்தில், இசட் இசட் சோபா மூலையில், பீஸ் லில்லி குளியலறை வாசலில். எது எங்கே இருந்தால் அழகு என்று மட்டும் பார்த்தேன். ஒன்று விட்டு ஒரு நாள், காலையில் விளக்கேற்றிய கையோடு ஆளுக்கு அரை டம்ளர் தண்ணீர்.

அக்டோபரில் நிலவரம் இது. ஸ்னேக் பிளாண்டின் ஐந்து இலைகளில் இரண்டு அடியில் கொழகொழவென்று சாய்ந்துவிட்டன. இசட் இசட்டில் ஒரு தண்டு முழுக்க மஞ்சள். மணி பிளாண்டின் புது இலைகள் பொடிப்பொடியாக, வெறும் பச்சையாக வந்தன. வீடெங்கும் கடுகளவு கறுப்புக் கொசு, காபி டம்ளருக்குள் விழுகிற அளவுக்கு. தண்ணீர் போதவில்லையோ என்று முக்கால் டம்ளராக்கினேன். அதன்பிறகு எல்லாம் இன்னும் வேகமாக நடந்தது.

தென்காசியிலிருந்து அம்மா வீடியோ காலில் பார்த்தாள். "ஏட்டி, நீ செடி வளக்கியா, நாத்து பாவுதியா?" என்றாள். தொட்டியைக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டச் சொன்னாள். "நம்ம ஊர்ல ஓடைக்கரையில கெடக்குற மருளுல்லா இது. அதுக்கு எவ தண்ணி ஊத்துனா?"

அம்மா சொன்னது கிட்டத்தட்ட சரி. ஊரில் கல்லும் முள்ளுமான இடத்தில் தானாக வளர்கிற மருள், கடையில் விற்கிற ஸ்னேக் பிளாண்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரி. கடைச் செடியின் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. மருள் நம் நாட்டுக்காரி. அதன் நாரில் கயிறு திரிப்பார்கள், அந்தக் காலத்தில் வில்லுக்கு நாண் முறுக்கியிருக்கிறார்கள். சங்கப் பாடல்களில் மழை பொய்த்த பாலை வழியில் வருகிற 'மரல்' இதுதான் என்பார்கள். பாலைநிலத்துச் செடியைப் பீங்கான் குளத்தில் உட்கார வைத்திருந்தேன்.

ஆயுத பூஜை விடுமுறை சேர்ந்து வந்தது. அக்டோபர் 21, சனிக்கிழமை, பால்கனியில் பழைய செய்தித்தாளை விரித்து ஆறு தொட்டியையும் கவிழ்த்தேன்.

பீங்கானிலிருந்து பிளாஸ்டிக் தொட்டியைத் தூக்கியதும் குப்பென்று அழுகிய முட்டை நாற்றம். அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கறுத்த தண்ணீர். மூன்று மாதமாக வேர் அதில்தான் ஊறிக்கொண்டிருந்தது. வேருக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ அந்த அளவுக்குக் காற்றும் வேண்டும். மண்ணின் இண்டு இடுக்கிலெல்லாம் தண்ணீர் நின்றுவிட்டால் வேருக்கு மூச்சு முட்டும். மூச்சு முட்டிய வேரைப் பூஞ்சை போன்ற கிருமிகள் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். வேர் அழுகிய பிறகு தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தாலும் அதை இலைக்குக் கொண்டுபோக ஆளில்லை. அதனால்தான் அதிகத் தண்ணீரில் சாகிற செடியும் தண்ணீர் இல்லாமல் வாடுகிற செடி மாதிரியே தெரிகிறது. நான் முக்கால் டம்ளராக்கியது அதைப் பார்த்து ஏமாந்துதான்.

பிளாஸ்டிக் தொட்டியைத் தட்டிக் கழற்றினால் அடுத்த அதிர்ச்சி. உள்ளே மண் என்று சொல்ல முடியாது. செங்கல் மாதிரி இறுகிய செம்மண் கட்டி, நடுவில் வேரைப் பிடித்துக்கொண்டு. வண்டியில் அடுக்கி ஊர் சுற்றும்போது செடி ஆடாமல் நிற்க அந்த மண் வசதி. தினம் வெயிலில் நிற்கிற இடத்தில் அது காய்ந்துவிடும். டிவி பக்கத்தில் அது காய்வதற்கு வழியே இல்லை. வாளித் தண்ணீரில் கட்டியை ஊறவைத்து விரலால் மெதுவாகக் கரைத்தேன். ஒரு தொட்டிக்கு இருபது நிமிஷம் ஆனது.

ஸ்னேக் பிளாண்டில் நல்ல வேர் ஆரஞ்சு கலந்த மஞ்சளாக, இழுத்தால் விறைப்பாக நின்றது. அழுகியது இழுத்ததும் தோல் கையோடு வந்து உள்ளே நூல் மட்டும் மிஞ்சியது. சுரண்டிப் பார்த்தெல்லாம் குழம்ப வேண்டியதில்லை, கை பட்டாலே தெரியும். கத்தியைச் சாராயத் திரவத்தால் துடைத்துக்கொண்டு (மருந்துக் கடையில் ஸ்பிரிட் என்று கேட்டால் கொடுப்பார்கள்) அழுகியதையெல்லாம் வெட்டினேன். மிஞ்சியது மூன்று இலையும் சுண்டுவிரல் நீளக் கிழங்கும். இசட் இசட்டைக் கழுவினால் உருளைக்கிழங்கு மாதிரி ஐந்து கிழங்குகள். இரண்டை அழுத்தினால் விரல் உள்ளே போனது, மூன்று கல் மாதிரி இருந்தன. கிழக்கு ஆப்பிரிக்காவில் மாதக்கணக்கில் மழையில்லாத காலத்தை இந்தக் கிழங்கில் சேமித்த தண்ணீரை வைத்துத்தான் அது ஓட்டுகிறது. தன் வீட்டிலேயே தொட்டி கட்டி வைத்திருப்பவளுக்கு நான் லாரித் தண்ணீர் விட்டிருக்கிறேன்.

வெட்டிய இரண்டையும் உடனே நடவில்லை. நிழலில் மூன்று நாள், விஜயதசமி வரைக்கும், முறத்தில் சும்மா கிடந்தன. வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டினால்தான் மறுபடி அழுகாது. அம்மா மஞ்சள்தூள் தடவச் சொன்னாள், தடவினேன். ஆனால் காரியம் காயவிடுவதில்தான் இருக்கிறது.

அந்த மூன்று நாளில் மண் கலவை வேலை. முதலில் எல்லாரும் சொல்கிறார்களே என்று வெறும் கோகோபீட் வாங்கினேன். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நாரிலிருந்து மிஞ்சும் துகளை அழுத்திச் செய்த கட்டி, தண்ணீரில் போட்டால் பொதபொதவென்று உப்பும். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைப்பதுதான் அதன் பெருமை. என் வீட்டில் அந்தப் பெருமைக்கு வேலை இல்லை. எனவே கோகோபீட்டைக் குறைத்தேன். அலசாத கோகோபீட்டில் உப்பு இருக்கும் என்பதால் மூன்று தண்ணீர் மாற்றிப் பிழிந்தேன். கீழே வீடு கட்டும் இடத்தில் உடைந்த செங்கல் கேட்டு வாங்கி, சுத்தியலால் கொண்டைக்கடலை அளவுக்கு உடைத்து, பொடியைச் சல்லடையில் தள்ளிவிட்டேன். பொடி இருந்தால் இடுக்கை அடைத்துவிடும். தெருமுனை இஸ்திரி வண்டியில் ஒரு பை கரித்துண்டு கொடுத்தார்கள். ஸ்னேக் பிளாண்டுக்கும் இசட் இசட்டுக்கும் செங்கல் துண்டு இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு, கரி ஒரு கைப்பிடி. மற்ற நாலுக்கும் செங்கல் ஒரு பங்கு, கோகோபீட் இரண்டு, செம்மண் ஒன்று, மண்புழு உரம் ஒரு கை. சோதனை எளிது: கலவையை நனைத்துக் கையில் பிடித்து விட்டால் கொழுக்கட்டையாக நிற்கக்கூடாது, உதிர வேண்டும்.

தொட்டிக்கு அடியில் கூழாங்கல் போட்டால் தண்ணீர் வடியும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். நானும் நம்பி ஒரு பை வாங்கி வைத்திருந்தேன். போடவில்லை. பொடி மண்ணிலிருந்து பெரிய கல் அடுக்குக்குத் தண்ணீர் லேசில் இறங்காது. மேல் மண் பஞ்சு மாதிரி நிறையக் குடித்த பிறகுதான் மிச்சத்தை விடும். அடியில் கல் போட்டால் அந்த ஈர அடுக்கு வேருக்குப் பக்கமாக உயர்ந்துவிடும், அவ்வளவுதான். கூழாங்கல்லை மீன்தொட்டிக்காரப் பையனுக்குக் கொடுத்துவிட்டேன்.

பீங்கானுக்கு ஓட்டை போடும் படலம் தனி. வீட்டு டிரில்லில் 8 மி.மீ. டைல்ஸ் பிட் மாட்டி, தொட்டியைக் கவிழ்த்து வைத்து அழுத்தினேன். ஹேமர் மோடில், அதாவது இடித்துத் துளைக்கும் நிலையில், இருந்தது கவனிக்கவில்லை. 350 ரூபாய் இரண்டாகப் பிளந்தது. அடுத்ததற்கு ஹேமரை அணைத்து, குறியிட்ட இடத்தில் பேப்பர் டேப் ஒட்டி பிட் வழுக்காமல் பார்த்துக்கொண்டு, வேகத்தைக் குறைத்து, ஸ்பூனால் தண்ணீர் விட்டுக்கொண்டே துளைத்தேன். முதல் ஐந்து நிமிஷம் மினுமினுப்புப் பூச்சுதான் தேயும், ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். பொறுமை விட்டு அழுத்தினால் உடையும். ஒரு தொட்டிக்கு மூன்று ஓட்டை. நாலு தொட்டியில் போட்டு முடிக்க ஒரு மதியம் போனது. ஐந்தாவதற்கு எனக்குத் தெம்பில்லை. அது இப்போது கரண்டி போட்டு வைக்கும் பாத்திரம்.

அடுத்தது வெளிச்சம். போனில் வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் அளக்கும் இலவசச் செயலி ஒன்றை இறக்கினேன். துல்லியம் குறைவுதான், ஆனால் ஒரு மூலையை இன்னொரு மூலையோடு ஒப்பிட அது போதும். காலை 11 மணி, நல்ல வெயில் நாள். பால்கனிக் கதவருகே 4,100. கதவிலிருந்து ஆறடி உள்ளே 520. சோபா மூலை 170. டிவி பக்கம் 85. குளியலறை வாசல் 30. வெளியே நேர் வெயில் ஒரு லட்சத்தைத் தொடும். என் கண்ணுக்கு ஹால் முழுக்க ஒரே வெளிச்சமாகத்தான் தெரிந்தது. கண் தன்னைச் சரிசெய்துகொள்ளும், இலைக்கு அந்த வித்தை தெரியாது.

என் தலையில் தண்ணீரும் வெளிச்சமும் ஒன்றாகச் சேர்ந்தது அந்த எண்களைத் தாளில் எழுதியபோதுதான். 'குறைந்த வெளிச்சத்தில் வளரும் செடி' என்று விற்கிறார்களே, அது அங்கே செழிக்கும் என்று பொருளல்ல. சாகாமல் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். வெளிச்சம் குறைந்தால் அது உணவு சமைப்பதும் குறையும், தண்ணீர் குடிப்பதும் குறையும். டிவி பக்கத்துச் செடிக்கும் பால்கனிச் செடிக்கும் ஒரே அரை டம்ளர் என்றால், ஒன்று குடிக்கும், இன்னொன்று மூழ்கும். ஆறு பேரையும் கதவிலிருந்து ஆறடிக்குள் கொண்டுவந்தேன். ஹாலின் அழகு கொஞ்சம் கெட்டது. வந்தவர்கள் தடுக்கிக்கொண்டார்கள்.

சரி, இனி எப்போது ஊற்றுவது? விரலை விட்டுப் பார் என்பார்கள். என் விரல் இரண்டு அங்குலம், தொட்டி ஆறு அங்குலம். மேலே காய்ந்து அடியில் சதசதவென்று இருந்தால் விரலுக்கு எங்கே தெரியும்? தென்னந்துடைப்பத்தில் ஒரு ஈர்க்குச்சியை உருவி அடிவரை செருகி, பத்து நிமிஷம் விட்டு எடுத்தேன். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் ஈரம், சுத்தமாக வந்தால் காய்ந்துவிட்டது. கேக் வெந்ததா என்று பார்ப்பது மாதிரி. நல்ல வழிதான், ஆனால் அடிக்கடி குத்தினால் வேர் நோகுமே என்று தோன்றியது. அப்போதுதான் சமையலறைத் தராசு கண்ணில் பட்டது.

தொட்டியைக் குளியலறையில் வைத்து அடி ஓட்டையில் வழியும்வரை ஊற்றி, அரைமணி வடியவிட்டு, தராசில் வைத்தேன். ஸ்னேக் பிளாண்ட் 1,940 கிராம். தொட்டியில் டேப் ஒட்டி எழுதிவைத்தேன். பிறகு நாலு நாளுக்கு ஒருமுறை எடை. ஈர்க்குச்சி சுத்தமாக வந்த நாளில் 1,380. இதற்கு ஆனது 19 நாள். இந்த இரண்டு எண்ணும் தெரிந்தபிறகு குச்சிக்கு வேலை இல்லை. தூக்கி வைத்தால் போதும். இரண்டு மாதத்தில் தராசும் தேவைப்படவில்லை, கைக்கே கனம் பழகிவிட்டது.

மற்றவை: இசட் இசட் 24 நாள், மணி பிளாண்ட் 8, அக்லோனிமா 7, ஸ்பைடர் 6, பீஸ் லில்லி 4. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஸ்னேக் பிளாண்ட் 19 நாளில் இழந்தது 560 கிராம், அதாவது மாதத்துக்கு 900 மில்லிகூட இல்லை. நான் ஊற்றியது ஒன்றரை லிட்டர். மிச்சம்தான் பீங்கானுக்கு அடியில் நாறிக்கொண்டிருந்தது.

இந்த நாள் கணக்கை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மறுவருஷம் கத்திரியில் அதே தொட்டி 11 நாளில் காய்ந்தது. மண்தொட்டியாக இருந்தால் சுவர் வழியாகவே ஈரம் போய்விடும், இன்னும் சீக்கிரம் காயும். எடை மட்டும் மாறாது. செடி பெருத்தால் கொஞ்சம் கூடும், அப்போது மறுபடி எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

கறுப்புக் கொசு விஷயம். அது கடிக்கிற கொசுவல்ல, ஈர மண்ணில் முட்டையிடும் பூஞ்சை ஈ. அதன் புழு மேல்மண்ணில் இரண்டு அங்குலத்துக்குள் இருந்துகொண்டு பூஞ்சையையும் மக்கையும் தின்னும், இளவேரையும் விடாது. இருக்கிறதா என்று பார்க்க ஒரு உருளைக்கிழங்குத் துண்டை மண்மேல் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் திருப்பினால் கண்ணாடி மாதிரி உடம்பும் கறுப்புத் தலையுமாக ஏழெட்டு நெளிந்தன. அன்றைக்கு உருளைக்கிழங்குப் பொரியல் எனக்கு இறங்கவில்லை. பெரிய ஈக்கு வயல்காரர்கள் வழி: மஞ்சள் பிளாஸ்டிக் தட்டில் விளக்கெண்ணெய் தடவி நிறுத்தி வைத்தேன். மஞ்சளைத் தேடி வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் தட்டு பிடிப்பது இன்றைய ஈயை மட்டும். நாளைய ஈயை நிறுத்துவது மேல்மண் காய்வதுதான். அதன் பிறவிச் சுற்று மூன்று நாலு வாரம் என்பதால் முதல் பத்து நாள் ஒன்றும் மாறாத மாதிரி இருந்தது. ஐந்தாவது வாரம் காபியில் ஒன்றும் விழவில்லை.

மணி பிளாண்டை வெட்டியபோது கை அரித்தது. ஏன் என்று தேடினால், அது சேம்புக் குடும்பம். சேப்பங்கிழங்கு, சேனை அரிந்தால் கை அரிக்குமே, அதே ஊசிப்படிகம் இலையிலும் தண்டிலும் இருக்கிறது. என் ஆறில் நாலு, அதாவது மணி பிளாண்ட், இசட் இசட், அக்லோனிமா, பீஸ் லில்லி, இந்தக் குடும்பம்தான். தவழ்கிற பிள்ளையோ பூனையோ இருக்கிற வீட்டில் இவற்றை எட்டாத உயரத்தில் வையுங்கள். வாயில் போட்டுவிட்டால் நாக்கும் தொண்டையும் எரிந்து வீங்கும். ஸ்னேக் பிளாண்டைத் தின்றாலும் வயிற்றைப் புரட்டும். ஸ்பைடர் பிளாண்ட் ஒன்றுதான் கவலையில்லாதது. எதிர்வீட்டுக் குட்டிப்பயல் வருகிற நாளில் நான் அதை மட்டும் கீழே விட்டுவைக்கிறேன்.

மணி பிளாண்டுக்கு வேறு வைத்தியம் செய்யவில்லை. நல்ல கொடியில் கணு கணுவாக நாலு துண்டு வெட்டி, கணு தண்ணீரில் மூழ்கும்படி பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டேன். கணுவில் பழுப்பு முண்டு ஒன்று இருக்கும், வேர் அங்கிருந்துதான் வரும். கணு இல்லாத துண்டு எத்தனை நாள் இருந்தாலும் வெறும் இலைதான். பன்னிரண்டாம் நாள் வெள்ளை வேர். பாட்டிலில் தண்ணீரை வாரம் ஒருமுறை தவறாமல் கொட்டி மாற்ற வேண்டும். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்தால் தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டையும் ஃபிரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டையும் முதலில் பார்ப்பது அதற்குத்தான். வெளிச்சத்துக்கு நகர்த்தியதும் புது இலையில் மஞ்சள் தீற்றல் திரும்ப வந்தது. இருட்டில் அது பச்சையைக் கூட்டிக்கொண்டு பிழைத்திருக்கிறது.

டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர், மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடவில்லை. குடிக்கவே அளந்து குடித்த நாட்கள், செடியை யார் பார்த்தது. 8ஆம் தேதி எப்படியோ வெளியேறித் தென்காசிக்கு ரயில் ஏறினோம். ஒரு வாரத்தில் திரும்புவதாகத் திட்டம். 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் அந்தப் பேய்மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது. தண்டவாளத்தை வெள்ளம் அரித்து ஒரு ரயிலே ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. வெள்ளத்துக்குத் தப்பி வெள்ளத்துக்குப் போன கதை. சென்னைக்குத் திரும்பியது 29ஆம் தேதி. கிளம்பும் முன் நான் செய்த ஒரே காரியம், பீஸ் லில்லியை மூன்று அங்குலத் தண்ணீர் உள்ள டப்பில் வைத்தது. மற்றவற்றுக்கு நவம்பர் கடைசியில் ஊற்றியதோடு சரி.

கதவைத் திறந்ததும் அம்மா கொடுத்த மூட்டையை இறக்காமல் தொட்டிகளைப் பார்த்தேன். பீஸ் லில்லியில் மூன்று மஞ்சள் இலை. ஸ்பைடர் மடித்த காகிதம் மாதிரி வதங்கிக் கிடந்தது, ஊற்றியதும் இரண்டு நாளில் எழுந்துவிட்டது. அதன் வேரும் கிழங்கு மாதிரி தடித்துத் தண்ணீர் வைத்திருக்கும். அக்லோனிமா அடியிலை இரண்டை உதிர்த்திருந்தது. ஸ்னேக் பிளாண்டைத் தராசில் வைத்தேன்: 1,410. ஒரு மாதமாகியும் இன்னும் 30 கிராம் பாக்கி. பூட்டிய வீடு, மழை மூட்டம், அதனால் மெதுவாகக் காய்ந்திருக்கிறது. இசட் இசட்டில், அழுகிய கிழங்கை வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில், பென்சில் முனை மாதிரி ஒரு அங்குலத்துக்குப் புதுத் தண்டு. நான் வீட்டில் இருந்த ஐந்து மாதத்தில் அது ஒன்றும் விடவில்லை.

இனி இலைத்துண்டுக் கதை. அக்டோபரில் சாய்ந்த ஸ்னேக் பிளாண்ட் இலைகளின் நல்ல பாகத்தை மூன்று அங்குலத் துண்டு நாலாக வெட்டி, காயவைத்து நட்டிருந்தேன். மூன்றில் கீழ்ப்பக்கம் எதுவென்று பேனாவால் அம்புக்குறி போட்டேன். நாலாவதில் மறந்துபோய்த் தலைகீழாக நட்டிருக்கிறேன் போல. அது வேரே விடாமல் சுருங்கிப்போனது. மற்ற மூன்றும் ஜனவரியில் லேசாக இழுத்தால் வரமாட்டேன் என்று பிடித்துக்கொண்டன. ஏப்ரலில் மண்ணைக் கீறிக்கொண்டு முதல் குருத்து. பார்த்தால் முழுப் பச்சை. தாய்ச்செடியின் விளிம்பில் இருந்த மஞ்சள் கரை துளிகூட இல்லை. மூன்றிலும் அப்படியே. நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்தேன். விஷயம் வேறு. அந்த மஞ்சள் கரை ரகத்தின் இலையில் இருவேறு மரபுள்ள திசுக்கள் அடுக்காக ஒட்டியிருக்கின்றன. இலைத்துண்டிலிருந்து வரும் குருத்தில் அந்த அடுக்கு அப்படியே அமைவதில்லை, பச்சைதான் வெளிவருகிறது. மஞ்சள் கரை வேண்டுமானால் கிழங்கோடு பிரித்து நடவேண்டும். அதை முன்பே தெரிந்திருந்தால் அந்தச் சுண்டுவிரல் கிழங்கை இரண்டாக்கியிருப்பேன்.

பச்சைக் குருத்து ஒன்றை மே மாதம் அம்மாவிடம் கொடுத்தேன். கொல்லைச் சுவரோரம் மருளுக்குப் பக்கத்திலேயே நட்டுவிட்டாள். தூரத்திலிருந்து பார்த்தால் எது எதுவென்று அவளுக்கே தெரியவில்லையாம்.

இசட் இசட்டின் உதிர்ந்த சிற்றிலைகள் ஆறையும் சும்மா மண்ணில் குத்தி வைத்திருந்தேன். இரண்டு அழுகின. பிப்ரவரியில் பொறுக்க முடியாமல் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன், அடியில் பட்டாணி அளவு கிழங்கு. மேலே ஒன்றும் இல்லை. முதலில் கிழங்கு கட்டும், பிறகுதான் தண்டு. பிடுங்கிப் பார்த்தது பிழைக்கவில்லை. மிச்சம் மூன்றில் ஒன்று ஜூலையில், ஒன்பதாவது மாதத்தில், முளை விட்டது. கடையில் இது 300 ரூபாய் விற்பதில் நியாயம் இருக்கிறது.

வண்டியில் 'ஆக்சிஜன் செடி, ராத்திரியிலும் காற்றைச் சுத்தம் செய்யும்' என்று அட்டை தொங்கியது. நான் வாங்க அதுவும் ஒரு காரணம் என்று ஒப்புக்கொள்கிறேன். அதற்கு அடிப்படையாகச் சொல்லப்படுவது 1989இல் வெளிவந்த நாசா ஆய்வு. அது மூடிய சிறு பெட்டிக்குள் செடியை வைத்துச் செய்தது. 2019இல் இப்படிப்பட்ட ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டவர்கள், சாதாரணக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வேண்டும் என்றார்கள். என் ஹாலில் அப்புறம் நான் எங்கே நிற்பது? ஸ்னேக் பிளாண்ட் இரவில் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை இழுத்துச் சேமிப்பது உண்மை. பகல் வெயிலில் துளையை மூடித் தண்ணீரைக் காப்பாற்றிக்கொள்ளும் தந்திரம் அது. ஆனால் ஆக்சிஜன் உண்டாக வெளிச்சம் வேண்டும். சன்னலைத் திறந்து வைத்தால் போதும், காசும் மிச்சம்.

சில்லறை விவகாரங்கள். ஸ்பைடர் பிளாண்டின் இலைநுனி பழுப்பாகக் காய்வது போர்வெல் தண்ணீரின் உப்பால். மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றிய மாதங்களில் வந்த இலைகளில் அது இல்லை. அக்லோனிமாவில் பிப்ரவரியில் மாவுப்பூச்சி வந்தது. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்து, லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புத் தண்ணீரும் கலந்து வாரம் ஒருமுறை, மூன்று வாரம் அடித்தேன். வீடு மருந்துக்கடை மாதிரி நாறியது, பூச்சி போனது. பீஸ் லில்லி இன்னும் பூக்கவில்லை. ஆனால் அதுதான் ஆறில் பேசத் தெரிந்த செடி. தாகம் வந்தால் மொத்தமாகத் துவண்டு படுத்துவிடும், ஊற்றினால் சாயங்காலத்துக்குள் எழுந்துகொள்ளும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்டால் அதையும் ஸ்னேக் பிளாண்டையும் சேர்த்து வாங்கச் சொல்கிறேன். ஒன்று கேட்டு வாங்கும், இன்னொன்று கேட்கவே கேட்காது.

2024 ஆடியில் அதே செடி வண்டி வந்தது. வண்டிக்காரருக்கு என்னை ஞாபகமில்லை. "சாவவே சாவாதுக்கா" என்று இசட் இசட்டைத் தூக்கிக் காட்டினார். செடி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பின்பக்கம் அடுக்கியிருந்த மண்தொட்டி நாலு வாங்கினேன், ஒன்று 60 ரூபாய். ஒவ்வொன்றையும் கவிழ்த்து, அடியில் ஓட்டை இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்துத்தான் காசு கொடுத்தேன்.